மெஷினைத் திரும்ப எடுத்துப்போக வந்தார்கள்

நோயாளியின் வீட்டுக்கே போய்ப் பார்க்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு இதை எழுதுகிறேன். உங்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பெண் ஒரு காலத்தில் என் வார்டில் வேலை பழகியவள். ஊக்கமாக ஏதாவது எழுதித் தரும்படி கேட்டாள். உட்கார்ந்து பார்த்தேன், ஊக்கமாக எழுத வரவில்லை. அதனால் நடந்ததை எழுதுகிறேன். இதை அவள் உங்களுக்குப் படிக்கக் கொடுப்பாளா, மேசைக்குள் போட்டுப் பூட்டிவிடுவாளா என்பது அவள் பாடு.

டிரிப் போடுவது, புண்ணுக்குக் கட்டுவது, டியூப் மாற்றுவது எல்லாம் அங்கே சொல்லித் தருவார்கள். நான் அதற்குள் போகப்போவதில்லை. முன்பின் தெரியாத யாரோ போட்ட பணத்தில் ஓடுகிற கம்பெனியில் வேலை செய்யும்போது, யார் பேச்சை எப்போது கேட்பது, எப்போது காதில் வாங்காமல் இருப்பது என்பது ஒன்று இருக்கிறது. அதை யாரும் பாடமாக வைப்பதில்லை. எனக்கும் யாரும் சொல்லவில்லை.

கோயம்புத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்து, வார்டு சிஸ்டராகி, அங்கேயே ஓய்வும் பெற்றேன். ஓய்வு பெற்ற கையோடு கவின் என் வீட்டுக்கு வந்தார். பொள்ளாச்சிப் பக்கம் பெரிய தென்னந்தோப்புக் குடும்பத்துப் பையன். அமெரிக்காவில் படித்து அங்கேயே வேலையில் இருந்தவர். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து தோட்டத்து வீட்டில் படுக்கையில் கிடந்தபோது, முதுகில் புண் வந்து, அதைச் சுத்தம் செய்து கட்ட தினமும் வருவதற்கு ஆள் கிடைக்கவில்லை. அப்பா போன பிறகு வேலையை விட்டுவிட்டு வந்து, இங்கே கம்பெனி ஆரம்பித்தார். போனில் ஒரு ஆப். அதில் கூப்பிட்டால் நர்ஸ் வீட்டுக்கு வரும், கட்டில் வரும், ஆக்சிஜன் மெஷின் வரும். பெங்களூரிலும் மும்பையிலும் இருந்து பணம் போட ஆட்கள் இருந்தார்கள். நர்ஸ்களைப் பார்த்துக்கொள்ள அனுபவப்பட்ட ஒருவர் வேண்டும் என்று என்னைக் கேட்டார். அப்பாவைப் பற்றிச் சொல்லும்போது அவருக்குக் குரல் இறங்கிப் போனது. அதில் நடிப்பு இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் நீங்கள் அவரை ஒரு வில்லனாக நினைத்துவிடுவீர்கள். அப்படி நினைத்துவிட்டால் உங்களுக்கு இதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

முதல் வருடம் நல்ல வருடம். அதற்கு முன்பெல்லாம் ஒரு டியூப் மாற்றுவதற்குக் கூட வயசானவர்களை ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வருவார்கள். அந்த அலைச்சல் நின்றது. உடுமலைப்பேட்டை, பொள்ளாச்சி கிராமங்களில் இருந்து நர்சிங் படித்துவிட்டு, சொற்பச் சம்பளத்துக்குச் சின்ன ஆஸ்பத்திரிகளில் நின்றுகொண்டிருந்த பிள்ளைகளுக்குக் கௌரவமான சம்பளம் கிடைத்தது. எஸ்தர் அப்படி வந்தவள். அவள் அம்மா உடுமலைப் பக்கம் தோட்டங்களில் கூலி வேலைக்குப் போனவர். வேலை செய்த வீடுகளில் வாசலைத் தாண்டி உள்ளே போனதில்லை என்று எஸ்தர் ஒரு தடவை சாதாரணமாகச் சொன்னாள். அதே மாதிரி வீடுகளில் எஸ்தர் படுக்கையறை வரைக்கும் போய், பெரியவரைப் புரட்டிப் படுக்க வைத்து, முதுகு துடைத்து விட்டு வந்தாள். ஒரு வீட்டில் இருந்து, நம்ம ஆட்களில் ஒரு பெண்ணாகப் பார்த்து அனுப்ப முடியுமா என்று போனில் கேட்டார்கள். கேட்டவர் கவினுக்கே ஒரு வகையில் சொந்தம். கவின் போனை வாங்கி, "எங்ககிட்ட இருக்கறது நர்ஸ்தானுங்க. வேற எதும் பாத்து எங்களுக்கு அனுப்பத் தெரியாதுங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். அன்றைக்கு எனக்கு அந்தக் கம்பெனி மேல் ஒரு பெருமையே வந்தது.

ஆனால் எதுவும் கட்டுப்படியாகிற விலையில் நடக்கவில்லை. கோவை ராமநாதபுரத்தில் ஒரு அக்கா இருந்தார், எனக்கு முன்னால் ஓய்வு பெற்ற சீனியர். வீட்டு முன்னறையில் மேசை போட்டு, வீடுகளுக்கு நர்ஸ் அனுப்பும் வேலையை வெகுகாலமாகச் செய்துகொண்டிருந்தார். ஏழைபாழைகளிடம் பாதிதான் வாங்குவார். எந்த நர்ஸுக்கு எந்த வீடு ஒத்துவரும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். சிங்காநல்லூரில் ஆக்சிஜன் சிலிண்டர் வாடகைக்கு விடுகிறவர் ஒருவர் இருந்தார். எந்த நேரத்துக்குக் கூப்பிட்டாலும் வண்டியில் ஏற்றிக்கொண்டு அவரே வருவார். நாங்கள் அக்கா வாங்கியதில் பாதிக்கு நர்ஸ் அனுப்பினோம். மெஷினுக்குப் பேருக்கு ஒரு வாடகை. மெஷின் இருந்தால் சிலிண்டர் மாற்றும் தொல்லை இல்லை, கரண்டில் ஓடும். யார்தான் வேண்டாம் என்பார்கள்? அக்காவின் நர்ஸ்கள் ஒவ்வொருத்தராக எங்களிடம் வந்தார்கள். சிலிண்டர்காரர் வீடுகளுக்குக் கொடுப்பதை நிறுத்திக்கொண்டார்.

இந்த விலை எப்படிக் கட்டும் என்று நான் கவினிடம் கேட்டேன். "இப்பக் கட்டாதுங்க சிஸ்டர். ஊரு மொத்தமும் நம்ம கைக்கு வந்துட்டா அப்புறம் கட்டும்" என்றார். அதுவரைக்கும் நஷ்டத்தைத் தாங்கத்தான் பெங்களூர்ப் பணமாம். இது எல்லாருக்கும் தெரிந்த வழிமுறை என்பது போலச் சாதாரணமாகச் சொன்னார். கை என்று அவர் சொன்னது யாருடைய கை என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. நீங்கள் கேளுங்கள்.

ஆறுச்சாமி சிங்காநல்லூரில் மில் வேலை பார்த்து ஓய்ந்தவர். பஞ்சுத் தூசி வாழ்நாளெல்லாம் உள்ளே போய் நுரையீரல் பழுதாகிவிட்டது. பகலில் பெரும்பகுதி, தூங்கும்போது முழுக்க, ஆக்சிஜன் வேண்டும். வீட்டில் அவரும் மனைவி ராமாத்தாளும்தான். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார். எஸ்தர் தினமும் போய், முதுகைத் தட்டிச் சளியை எடுத்துவிட்டு, மருந்து ஏற்றிவிட்டு வருவாள்.

பணம் போட்டவர்கள் ஒருமுறை கோவைக்கு வந்து, ஒரு நோயாளி வீட்டைப் பார்க்க வேண்டும் என்றார்கள். கவின் அவர்களை ஆறுச்சாமி வீட்டுக்கு அழைத்துப் போனார், நானும் கூடப் போனேன். வந்தவர்களில் மும்பைப் பெண் ஒருவர் நன்றாகத் தமிழ் பேசினார். பணிவாக, நிதானமாகக் கேள்வி கேட்டார். இந்தச் சேவையில் உங்களுக்கு ரொம்பப் பிடித்தது எது என்று ஆறுச்சாமியிடம் கேட்டார். அவர் மூச்சு வாங்கிக்கொண்டு யோசித்துச் சொன்னார்:

"மருந்து மாத்திரை எல்லாம் எங்கயும் கிடைக்குமுங்க. இந்தக் கண்ணு சளிய எடுத்துட்டு ஓடிப் போறதில்லீங்க. நான் அசந்து தூங்கற வரைக்கும் பக்கத்துல உக்காந்துக்கும். அதுதானுங்க எனக்குப் பெருசு. தனியா மூச்சுத் திணறிப்போட்டா என்ன பண்றதுங்கற பயம் அப்ப இருக்கறதில்லீங்க."

அந்தப் பெண் அதைக் குறித்துக்கொண்டார். போகும்போது ராமாத்தாள் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். எனக்கும் நிறைவாக இருந்தது. இப்படி மனசு விட்டுச் சொன்னாரே, கேட்டுக்கொண்டாரே என்று நினைத்தேன்.

அடுத்த மாதம் ஆப்பில் மாற்றம் வந்தது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நேரம் வைத்தார்கள். சளி எடுக்க இவ்வளவு, ஊசிக்கு இவ்வளவு. மருந்து ஏற்றி முடித்தவுடன் அடுத்த வீட்டுக்கு வழி காட்டியது. சும்மா உட்காருவது வேலையில் சேராது. நர்ஸ் ஒருத்தி தூங்குகிற மனுஷனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் இன்னொரு வீட்டைப் பார்க்கலாமே என்று அந்தப் பெண் எழுதியிருந்தாராம். அவர் கேட்டதே அதற்குத்தான். எங்கே நேரம் போகிறது என்று தெரிந்துகொள்ள வந்தவருக்கு, ஆறுச்சாமி வாயாலேயே அது தெரிந்துபோனது.

இதில் உங்களுக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. உங்களைப் பார்க்க வருகிற பெரிய மனிதர்கள் அன்பாகக் கேட்பார்கள். கேட்கும்போது அன்பும் நிஜமாகவே இருக்கும். அதற்காக நோயாளியின் பயத்தை அவர்கள் முன்னால் எடுத்து வைத்துவிடாதீர்கள். அவர்களுக்கு அது என்னவாகத் தெரியும் என்பது நம் கையில் இல்லை.

எஸ்தரால் புது நேரத்துக்குள் நிற்க முடியவில்லை. ஒருநாள் முற்பகல் எனக்குப் போன் வந்தது. ஆறுச்சாமிக்கு மூச்சு சரியில்லை, மெஷினைக் கூட்டி வைத்தும் தெளியவில்லை, ஆப் அடுத்த வீட்டுக்குப் போகச் சொல்லிச் சிவப்புக் காட்டிக்கொண்டே இருக்கிறது, அடுத்த வீட்டில் சர்க்கரைக்கு ஊசி போட வேண்டிய அம்மா சாப்பிடாமல் காத்துக்கொண்டிருக்கிறார். இரண்டும் நியாயம். எதை விடுவது?

நான் அவளை அங்கேயே இருக்கச் சொன்னேன். ஊசிக்கு நானே வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். ஊசியைத் தள்ளிப்போட ஒரு மணி நேரம் இருக்கிறது, மூச்சைத் தள்ளிப்போட ஒரு நிமிஷம் கூட இல்லை. இந்த மாதிரி நேரத்தில் எது காத்திருக்கும், எது காத்திருக்காது என்பதை மட்டும் பாருங்கள். போன் என்ன நிறம் காட்டுகிறது என்று பார்க்காதீர்கள். அன்று மாலைக்குள் ஆறுச்சாமிக்குத் தெளிந்துவிட்டது. ஆப் எஸ்தருக்குப் போடும் மதிப்பெண் மட்டும் அந்த வாரம் அடிமட்டத்துக்குப் போனது. ஊக்கத்தொகை வெட்டாகி, எச்சரிக்கையும் வந்தது.

நான் கவினிடம் சண்டைக்குப் போனேன். அவர் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அவள் மதிப்பெண்ணைக் கையாலேயே பழையபடி ஏற்றிவிட்டார். பிறகு என்னைப் பார்த்து, "இந்த ஒண்ணத்தான் என்னால சரி பண்ண முடியும் சிஸ்டர். ரூலை மாத்த முடியாது. அது பணம் போட்டவங்க போர்டுல போட்டது" என்றார். சொந்தமாக ஆரம்பித்த கம்பெனியில், சொந்த அறையில் உட்கார்ந்துகொண்டு அப்படிச் சொன்னார். அந்த அறையில் யாருக்கு அதிகாரம் இருக்கிறது என்பது எனக்கு அன்றுதான் புரிந்தது. அவருக்கு முன்பே புரிந்திருந்தது போல.

அதன் பிறகு அடுத்த சுற்றுப் பணம் வரவில்லை. வெளிநாட்டில் எங்கோ வட்டி ஏறியது என்றார்கள், வேறு தொழிலில் பணம் போகிறது என்றார்கள். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் இதுதான்: போர்டு கூடி, பெங்களூரையும் சென்னையையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்ற ஊர்களை மூடுவது என்று முடிவு எடுத்தது. கோவை மற்ற ஊர். நர்ஸ்களும் நாங்களும் இன்னொரு வேலை தேடிக்கொள்ளலாம். கட்டில்களும் மெஷின்களும் கம்பெனியுடையவை அல்ல, ஒரு ஃபைனான்ஸ்காரரிடம் வாடகைக்கு எடுத்தவை. அவற்றை எல்லா வீடுகளில் இருந்தும் திரும்ப எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று எனக்கு உத்தரவு வந்தது.

குடும்பங்களுக்கு ஒரே சமயத்தில் போனில் செய்தி போனது, ஆங்கிலத்தில். உங்கள் பயணத்தில் கூட வந்ததற்கு எங்களுக்குப் பெருமை, சாதனங்கள் விரைவில் திரும்ப எடுக்கப்படும் என்று இருந்தது. ராமாத்தாளுக்கு அதைப் படிக்கத் தெரியாது. ஏதோ தள்ளுபடி விளம்பரம் என்று நினைத்துக்கொண்டாராம்.

நான் கவினுக்குப் போன் செய்தேன். அவர் பொள்ளாச்சியில் தோட்டத்து வீட்டில் இருந்தார். ஆக்சிஜன் வீடுகளுக்கு மட்டும் ஒரு மாத அவகாசம் வாங்கிக் கொடுங்கள், அதற்குள் வேறு ஏற்பாடு செய்கிறேன் என்று கேட்டேன். "என்ர கையில ஒண்ணுமே இல்லீங்க சிஸ்டர். என்ர கையெழுத்து இனி செல்லாதுங்க" என்றார். அழுதார் என்றுதான் நினைக்கிறேன். அவர் அழுகை எனக்கு எதற்கும் உதவவில்லை. போனை வைத்துவிட்டேன்.

மெஷின் எடுக்க வந்த காண்ட்ராக்டரிடம் நான் பேசினேன். கட்டில், வீல்சேர் எல்லாம் முதலில் எடுங்கள், ஆக்சிஜன் வீடுகளுக்குக் கடைசியில், நான் கூட இருந்தால் மட்டும் போங்கள் என்றேன். அவரும் தலையாட்டினார். எழுதி வாங்கவில்லையே என்று கேட்பீர்கள். எழுதிக் கொடுத்திருந்தாலும் அவருக்கு மேலே யார், எந்த ஊரில் இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது.

பிறகு மாற்று ஏற்பாட்டுக்கு அலைந்தேன். சிலிண்டர்காரர் கடையில் தண்ணீர்க் கேன்கள் அடுக்கியிருந்தன. சிலிண்டர்களை எல்லாம் எப்போதோ கொடுத்துவிட்டாராம். அவருக்கு என் மேல் கோபம் இல்லை. ஒரு கேன் தண்ணீர் திறந்து டம்ளரில் ஊற்றிக் கொடுத்துவிட்டு, "வாரம் ஒருக்கா, ரண்டு தடவ கூப்புட்டாப் பரவால்லீங்க. ஒருத்தரும் கூப்புடாம சிலிண்டரை வெச்சுட்டு நான் என்ன பண்றதுங்க?" என்றார்.

ராமநாதபுரத்து அக்கா வீட்டுக்குப் போனேன். முன்னறையில் மேசை இருந்தது, மேலே பேரனின் பள்ளிப் புத்தகங்கள். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுக்கொண்டார். எந்தெந்த வீடு என்று கேட்டு, பாதி வீடுகளை அவரே பெயர் சொன்னார். அவர்கள் முன்பு அவருடைய நோயாளிகள்.

"நாலு புள்ளைங்க என்கிட்ட இருந்திருந்தா, இன்னைக்கே அனுப்பிச்சுருப்பேன் அம்மணி" என்றார். "உங்க கம்பெனிக்கு வந்த புள்ளைங்க திரும்பி இங்க வருமா? வெளிநாட்டுக்கு அப்ளிகேசன் போட்டுட்டு உக்காந்திருக்குதுங்க. தப்பும் இல்ல. ஒருக்கா நல்ல சம்பளம் பாத்தவிய என்ர பாதிச் சம்பளத்துக்கு எதுக்கு வரோணும்?"

அப்புறம் அவர் தனக்குத் தெரிந்த ஒரு மாதா கோயிலில் பேசி, அவர்களிடம் சும்மா கிடந்த ஒரு பழைய மெஷினைக் கேட்டு வாங்கித் தந்தார். அதை எந்த வீட்டுக்குக் கொடுப்பது என்று நான் முடிவு செய்ய வேண்டியிருந்தது. சூலூரில் ஒரு சின்னப் பெண்ணுக்கு, பிறந்ததில் இருந்தே நுரையீரல் சரியில்லாதவளுக்குக் கொடுத்தேன். அந்த முடிவை இன்று கேட்டாலும் அப்படியேதான் எடுப்பேன். ஆறுச்சாமிக்கு நான் கூடப் போகும்வரை மெஷின் இருக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

நான் சூலூரில் இருந்தபோது காண்ட்ராக்டரின் ஆட்கள் ஆறுச்சாமி வீட்டுக்குப் போய்விட்டார்கள். அந்தப் பக்கத்து வேலையை அன்றைக்கே முடித்துவிட்டால் வண்டிச் செலவு மிச்சம். அவர்கள் மிரட்டவில்லை, பொய்யும் சொல்லவில்லை. கம்பெனி மூடியாயிற்று, மெஷினைத் திரும்ப எடுக்கிறோம் என்றார்கள். ராமாத்தாள் அவர்களுக்கு மோர் கொடுத்து, ஒயரை அவரே கழற்றிக் கொடுத்திருக்கிறார்.

பிறகு ஒருநாள் அவரிடம் ஏன் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். என் கேள்வியே அவருக்குப் புரியவில்லை. "அடுத்தவிய பொருளுங்க நர்சம்மா. கேட்டா குடுத்தறோணுமல்லங்க?" என்றார்.

எஸ்தருக்கு அப்போது வேலை இல்லை. அந்த வழியாகப் போகும்போது பார்த்துவிட்டுப் போகலாம் என்று உள்ளே நுழைந்திருக்கிறாள். ஆறுச்சாமி கட்டில் விளிம்பில் முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து உட்கார்ந்திருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. "சிஸ்டர், மெஷினக் காணம்" என்று மட்டும் போனில் சொன்னாள். நான் போய்ச் சேரும்போது அவள் அரசு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு ஏற்றியிருந்தாள். அவர் பக்கத்தில் அவளே உட்கார்ந்து போனாள்.

அரசு ஆஸ்பத்திரி வார்டில் அவரை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். ஆக்சிஜன் கொடுத்ததும் பேச ஆரம்பித்துவிட்டார். பிரச்சனை அதற்குப் பிறகு. ஆக்சிஜன் இல்லாத வீட்டுக்கு அவரை அனுப்ப முடியாது. மகன் திருப்பூரில் கடன் வாங்கி மெஷினுக்குச் சொல்லி வைத்தார். அது வந்து சேருவதற்குள் வார்டிலேயே அவருக்கு நெஞ்சில் சளிக்காய்ச்சல் பிடித்தது. அந்த நுரையீரலுக்கு அது போதும்.

அவர் இறந்த பிறகு டியூட்டி டாக்டர் என்னிடம் தனியாகப் பேசினார். பாவம், நல்ல மனுஷன். அவர் நுரையீரல் ஏற்கெனவே போனதுதான் சிஸ்டர், இன்னும் ரொம்ப நாள் தாங்கியிருக்காது, நீங்கள் மனசு சங்கடப்படாதீர்கள் என்றார். அவர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். அதனால்தான் இதில் யார் மேலும் வழக்குப் போட முடியாது. போர்டு ஒரு ஊரை மூடியது. ஃபைனான்ஸ்காரர் தன் பொருளை எடுத்துக்கொண்டார். வண்டிக்காரர் வேலையைச் சீக்கிரம் முடித்தார். மனுஷன் நுரையீரல் பழுதாகிச் செத்தார். ஒவ்வொருத்தரையும் தனித்தனியாகக் கேளுங்கள், ஒருத்தரும் ஒரு தப்பும் செய்திருக்க மாட்டார்கள்.

துக்கம் கேட்கப் போனேன். ராமாத்தாள் என்னைத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, காப்பி குடித்தால்தான் ஆயிற்று என்றார். எஸ்தரைப் பற்றிக் கேட்டார், அவளுக்கு வேலை கிடைத்துவிட்டதா என்று. பேச்சோடு பேச்சாக, யாரையும் குறை சொல்லாத குரலில் சொன்னார்:

"அந்தக் கம்பெனியக் கெட்டதுன்னு சொல்ல மாட்டனுங்க. இருந்த வரைக்கும் என்ர ஊட்டுக்காரரை நல்லாத்தான் வெச்சிருந்தாங்க. ஆனா அவிய வராமயே இருந்திருந்தா, அந்த சிலிண்டர்காரரு இருந்திருப்பாருங்க."

இந்தக் கம்பெனிகளால் ஜனங்களுக்கு நல்லதா கெட்டதா என்று உங்களிடம் யாராவது வாதம் செய்தால், பேப்பரில் வருகிற கட்டுரையை எல்லாம் விட்டுவிட்டு இதைச் சொல்லுங்கள். கொடுத்ததை மட்டும் கணக்குப் பார்த்தால் எங்கள் கம்பெனி தர்மவான்தான். வரும்போது எதையெல்லாம் இல்லாமல் ஆக்கியது, போகும்போது எதை விட்டுவிட்டுப் போனது என்று யாரும் பார்க்கவில்லை. நர்சிங்கில் ஒரு பழக்கம் உண்டு, உங்களுக்கும் சொல்லித் தந்திருப்பார்கள்: அடுத்த ஷிஃப்ட்காரி வந்து நோயாளியைக் கையில் வாங்கிக்கொள்ளும் வரை நீ வார்டை விட்டு நகரக் கூடாது. உடம்புக்கு முடியாமல் போனாலும் நகரக் கூடாது. நாம் இருக்கும் தொழில் அது. பணம் போட்டவர்கள் இருக்கும் தொழில் வேறு. ஒரே கூரைக்குக் கீழே இந்த இரண்டும் இருக்கும்போது, நீங்கள் எந்தத் தொழிலில் இருக்கிறீர்கள் என்பதை மறந்துவிடாதீர்கள். ஆக்சிஜனில் இருக்கும் நோயாளி எத்தனை பேர் உங்களிடம் இருந்தாலும், கம்பெனி இல்லாமல் போனால் ஒவ்வொருவருக்கும் ஆக்சிஜன் எங்கிருந்து வரும் என்று முதல் நாளே விசாரித்து வையுங்கள். பதில் இல்லை என்றால் அந்த வீட்டுக்காரரிடம் அப்போதே சொல்லிவிடுங்கள், மேலே இருப்பவர்களுக்குப் பிடிக்காவிட்டாலும்.

எஸ்தர் இப்போது உடுமலையில் ஒரு ஸ்கேன் சென்டரில் டோக்கன் கொடுக்கிறாள். நர்ஸ் வேலைக்குத் திரும்ப வா என்று எத்தனையோ தடவை கூப்பிட்டேன். "வேண்டாங்க சிஸ்டர்" என்பதற்கு மேல் அவள் எதுவும் சொல்வதில்லை. அவளைப் போல ஒரு கை இந்தத் தொழிலுக்கு இனிக் கிடைக்காது.

கவின் சும்மா இருக்கவில்லை. அந்த உலகத்தில் கம்பெனி மூடியவருக்கு மதிப்புக் குறைவதில்லை, அனுபவப்பட்டவர் என்று பெயர் வருகிறது. போன வருடம் என் வீட்டுக்கு வந்தார். கொஞ்சம் இளைத்திருந்தார். வீடு தேடிப் போய் வைத்தியம் பார்க்கும் கம்பெனி ஒன்றை வேறு பெயரில் மறுபடி ஆரம்பிக்கிறார், பணம் போட ஆட்கள் ஒத்துக்கொண்டார்கள். நீங்கள் வந்தால்தான் பிள்ளைகள் நம்பி வருவார்கள் என்றார். போன தடவை செய்த தப்புகளை இந்தத் தடவை செய்யமாட்டேன் என்றார். என்னென்ன தப்பு என்று கேட்டேன். ஊர்களைத் தேர்ந்தெடுத்தது, விலை வைத்தது என்று வரிசையாகச் சொன்னார்.

ஆறுச்சாமியை நினைவிருக்கிறதா என்று கேட்டேன்.

மறந்திருப்பார் என்று நினைத்துத்தான் கேட்டேன். அவர் மறக்கவில்லை. "அவரை எப்படிங்க மறக்கறது? பணம் கேட்டுப் போற ஒவ்வொரு மீட்டிங்லயும் அவரைப் பத்தித்தானுங்க முதல்ல சொல்றேன்" என்றார். சின்ன ஊர்களில் ஆக்சிஜன் கொடுக்க ஒரு ஆள் இல்லாமல் மனிதர்கள் இப்படிச் சாகிறார்கள், அதற்காகத்தான் இந்தக் கம்பெனி வேண்டும் என்று சொல்வாராம். கேட்டவர்கள் சிலர் கண் கலங்கியதாகவும் சொன்னார். சொல்லும்போது அவர் கண்ணும் கலங்கியது.

"அந்த மெஷினை யார் எடுத்துட்டுப் போனதுங்கறதையும் சொல்வீங்களா தம்பி?"

அவர் காப்பி டம்ளரை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அதச் சொன்னா யாருங்க சிஸ்டர் பணம் போடுவாங்க?"

அதில் திமிர் இல்லை, கிண்டல் இல்லை. எனக்கு ஏதாவது வழி தெரிந்திருக்குமோ என்று எதிர்பார்த்தே கேட்டார். காப்பியைக் குடித்து முடித்தார், எழுந்தார், வாரேனுங்க என்றார்.

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வந்தவரை, அவர் எப்பேர்ப்பட்டவராக இருந்தாலும், வாசல் வரைக்கும் கூடப் போய் வழியனுப்பாமல் இருக்க மாட்டோம். அன்றைக்கு நான் நாற்காலியில் இருந்து எழவில்லை.